ஆர்என்ஏ திரும்பி வந்து டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும்போது

"ஆர்என்ஏ–டிஎன்ஏ கலப்பிணைப்பு மரபணுத்தொகுதியைச் சேதப்படுத்தும் என்று படித்தேன். ஆனால் எந்த ஆர்என்ஏவும் டிஎன்ஏவின் மேல் ஒட்டியபடிதானே உருவாகிறது? அப்படியானால் ஒரு மரபணு வேலை செய்யும் ஒவ்வொரு தடவையும் செல் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறதா? இந்தக் கலப்பிணைப்பைக் கரைக்கும் நொதியைக் கூட்டிவிட்டால் புற்றுநோயைத் தடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல கேள்விகள்போலத் தோன்றினாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான். இது செல்லுக்கு நஞ்சா, கருவியா? கருவியாக இருப்பது எந்தக் கட்டத்தில் நஞ்சாகிறது? இந்தப் பொருளோடு ஆய்வக மேசையில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்லன். நோய்களைத் தொடும் இடங்களில் செல்லுக்குள் நடப்பதை மட்டும் சொல்வேன், சிகிச்சைக்குள் போகமாட்டேன்.

முதல் சந்தேகம் நியாயமானது. கலப்பிணைப்பு, அதாவது ஓர் ஆர்என்ஏ இழையும் ஒரு டிஎன்ஏ இழையும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பது, இல்லாமல் செல் பிழைக்க முடியாது. டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவை எழுதும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் ஒரு மரபணுவைப் படியெடுக்கும்போது, அதன் வயிற்றுக்குள் புதிய ஆர்என்ஏவின் கடைசி எட்டு ஒன்பது காரங்கள், அதாவது எழுத்துகள், டிஎன்ஏவோடு இணைந்தே இருக்கும். அந்தப் பிடி இருந்தால்தான் பாலிமரேஸ் நழுவாமல் நகரும். டிஎன்ஏ நகலாகும்போது பின்னோக்கி எழுதப்படும் இழையில் ஒவ்வொரு துண்டும் சுமார் பத்து எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ தொடக்கத்தோடுதான் பிறக்கிறது. மரபணுத் திருத்தத்துக்குப் பயன்படும் காஸ்9 கூடத் தன் வழிகாட்டி ஆர்என்ஏவின் 20 எழுத்துகளை டிஎன்ஏவின் ஓர் இழையோடு இணைத்துத்தான் வெட்ட வேண்டிய இடத்தை அடையாளம் காண்கிறது. இவையெல்லாம் கட்டுக்குள் இருப்பவை. பிறந்த இடத்திலேயே ஒரு புரதத்தின் பிடிக்குள் இருந்து, வேலை முடிந்ததும் கலைந்துவிடுபவை. உங்கள் பாடம் எச்சரிப்பது இவற்றைப் பற்றி அல்ல.

அது எச்சரிப்பது ஆர்-வளையத்தைப் பற்றி. படியெடுக்கும் பாலிமரேஸிலிருந்து ஆர்என்ஏ ஒரு தனி வாயில் வழியாக வெளியேறுகிறது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பின்னால் மறுபடி ஒன்றுசேர வேண்டும். அவை சேர்வதற்கு முன்பே, வெளியேறிய ஆர்என்ஏ திரும்பி வந்து, தான் எந்த இழையைப் பார்த்து எழுதப்பட்டதோ அந்த அச்சு இழையைப் பற்றிக்கொண்டால், டிஎன்ஏவின் மற்ற இழை துணையின்றி வெளியே தள்ளப்படுகிறது. ஒரு பக்கம் ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் பின்னிய சுருள், மறுபக்கம் தனித்துத் தொங்கும் ஒற்றை இழை என்று ஆக மொத்தம் மூன்று இழைகள். எட்டு ஒன்பது காரங்களோடு இது நிற்காது. நூற்றுக்கணக்கில் நீளும், சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும்.

இது எங்கே எளிதில் உருவாகும் என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. ஆர்என்ஏவில் குவானின் என்ற காரம் அதிகமாகவும் அச்சு இழையில் அதன் இணையான சைட்டோசின் அதிகமாகவும் உள்ள பகுதிகளில் கலப்புச் சுருள் டிஎன்ஏ இரட்டைச் சுருளைவிட உறுதியாக அமைகிறது. வெளியே தள்ளப்பட்ட இழையும் அங்கே குவானின் நிறைந்ததாகவே இருக்கும். அது தனக்குள்ளேயே நான்கடுக்காக மடிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டால், துணை இழையிடம் திரும்பிப் போவது இன்னும் கடினம். அடுத்தது முறுக்கு. பாலிமரேஸ் முன்னேறும்போது அதற்கு முன்னால் டிஎன்ஏ இறுக முறுக்கப்படுகிறது, பின்னால் முறுக்கு தளர்கிறது. ஒரு கயிற்றின் இரு புரிகளுக்கு நடுவே குச்சியைச் செருகி ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், குச்சிக்கு முன்னால் கயிறு இறுகுவதும் பின்னால் புரி விலகுவதும் கைக்கே தெரியும். அந்தத் தளர்ந்த பகுதிதான் ஆர்என்ஏ நுழைவதற்குத் திறந்த வாசல்.

இது செல்லுக்குள் இருக்கிறது என்று தெரிவதற்கு வெகுகாலம் முன்பே சோதனைக் குழாயில் செய்து பார்த்துவிட்டார்கள். 1976இல் ரொனால்ட் டேவிஸும் சக ஆய்வாளர்களும் ஃபார்மமைடு கலந்த கரைசலில், டிஎன்ஏ இழைகள் பிரியும் தறுவாயில் உள்ள வெப்பநிலையில், ஆர்என்ஏ இரட்டைச் சுருளுக்குள் புகுந்து ஓர் இழையைத் தள்ளிவிடுவதைக் காட்டினார்கள். ஆர்-வளையம் என்ற பெயர் அப்போது வந்தது. அடுத்த ஆண்டே அது ஒரு பெரிய கண்டுபிடிப்புக்குக் கருவியானது. அடினோவைரஸின் தூது ஆர்என்ஏவை அதன் டிஎன்ஏவோடு இப்படி இணைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, டிஎன்ஏவின் சில பகுதிகள் ஆர்என்ஏவில் இணை கிடைக்காமல் வளையங்களாகப் புடைத்து நின்றன. மரபணு துண்டு துண்டாக இருக்கிறது, இடைப்பகுதிகள் வெட்டி எறியப்படுகின்றன என்று தெரிந்தது அப்படித்தான். பிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் 1993இல் நோபல் பரிசு பெற்றது அதற்காக. ஆனால் அத்தனை ஆண்டுகளும் பலர் ஆர்-வளையத்தை ஓர் ஆய்வக உத்தியாகத்தான் பார்த்தார்கள்.

உயிருள்ள செல்லில் அது கேடு செய்கிறது என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்த மூன்று ஆய்வுகளை எந்த மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1995இல் மார்க் துரோலேயின் குழு ஈ. கோலை பாக்டீரியாவில் ஒன்றைக் கவனித்தது. தளர்ந்த முறுக்கைச் சரிசெய்யும் டோப்போஐசோமரேஸ் நொதி இல்லாத பாக்டீரியா தடுமாறி வளர்ந்தது. ஆர்என்ஏஸ்-எச் நொதியைக் கூட்டியதும் அந்தத் தடுமாற்றம் குறைந்தது. ஆர்என்ஏஸ்-எச் என்பது கலப்புச் சுருளில் உள்ள ஆர்என்ஏவை மட்டும் வெட்டும் நொதி. டிஎன்ஏவைத் தொடாது, தனி ஆர்என்ஏவையும் தொடாது. 1969இல் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கூட்டினால் நோய் தணிகிறது என்றால், நோயின் மூலத்தில் கலப்பிணைப்பு இருக்கிறது என்று பொருள்.

2003இல் செவில் நகரில் ஆண்ட்ரெஸ் அகிலேராவும் பாப்லோ ஹுவெர்தாஸும் ஈஸ்ட்டில் இன்னும் நேரடியாகக் காட்டினார்கள். பிறந்த ஆர்என்ஏவை உடனே புரதங்களால் பொதிந்து செல்லின் உட்கருவுக்கு வெளியே அனுப்பும் தோ என்ற புரதக் கூட்டம் பழுதானால், பொதியப்படாத ஆர்என்ஏ டிஎன்ஏவுக்கே திரும்புகிறது. குரோமோசோமில் தவறான மறுசேர்க்கைகள் பெருகுகின்றன. ஆர்என்ஏஸ்-எச்சைக் கூட்டினால் அவை குறைகின்றன. 2005இல் ஜேம்ஸ் மான்லியின் ஆய்வகம், ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவதில் பங்கேற்கும் ஒரு புரதத்தைக் கோழியின் செல்களிலிருந்து நீக்கியபோது டிஎன்ஏ உடைவதைக் கண்டது. அங்கும் ஆர்என்ஏஸ்-எச் அதைத் தணித்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுவான கதை கிடைக்கிறது. பிறந்த ஆர்என்ஏவைக் கையில் வாங்கி அப்புறப்படுத்த ஆள் இல்லையென்றால் அது பிறந்த இடத்துக்கே திரும்பிவிடும்.

இனி, அது எப்படிக் காயமாகிறது? இதுதான் கேள்வியின் நடு நரம்பு, கொஞ்சம் நிதானமாகப் போகலாம். மிக எளிய வழி, வெளியே தள்ளப்பட்ட அந்த ஒற்றை இழை. இரட்டைச் சுருளில் காரங்கள் உள்ளே ஒன்றோடொன்று முகம் பார்த்து மறைந்திருக்கும். ஒற்றை இழையில் அவை வெளிப்படையாகக் கிடக்கின்றன. சைட்டோசினை யூராசிலாக மாற்றும் நொதிகள் அங்கே எளிதாகக் கைவைக்கும். இதே பலவீனத்தை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்கிறது. பி செல் தன் எதிர்ப்பொருளின் வகையை மாற்றும்போது, குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதிகளில் ஆயிரம் காரங்களுக்கும் மேல் நீளும் ஆர்-வளையங்களை உருவாக்கி, வெளியே வந்த இழையில் ஏஐடி என்ற நொதியை வேலை செய்யவிட்டு, டிஎன்ஏவை உடைத்து வேறு இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் அது தேவையான அறுவை. அதே ஏஐடி தவறான மரபணுவில் கைவைத்து, அங்கே உண்டான உடைவு தவறான குரோமோசோமோடு ஒட்டப்பட்டால் நிணநீர்ப் புற்றுநோய் உருவாகலாம். பர்க்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில், செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணு எதிர்ப்பொருள் மரபணுவின் அருகே போய் அமர்வது இவ்வகை இடமாற்றம்தான்.

இரண்டாவது வழி மோதல். செல் பிரிவதற்கு முன் மொத்த டிஎன்ஏவையும் நகலெடுக்க வேண்டும். அந்த நேரத்திலும் மரபணுக்கள் ஓய்வதில்லை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு இயந்திரங்கள். ஈ. கோலையில் நகலாக்கும் இயந்திரம் நொடிக்கு ஏறக்குறைய 1,000 காரங்கள் என்ற வேகத்தில் வருகிறது. படியெடுக்கும் இயந்திரமோ நொடிக்கு சுமார் 50 காரங்கள்தான். மனித செல்லில் வேக வேறுபாடு இவ்வளவு இல்லை. ஆனால் மரபணுக்கள் நீளமானவை. தசைச் சிதைவு நோயோடு தொடர்புள்ள டிஸ்ட்ரோஃபின் மரபணு 20 லட்சம் காரங்களுக்கும் மேல் நீளமானது, அதை ஒருமுறை படியெடுக்க ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகிறது. எட்டு லட்சம் காரங்களுக்கு மேல் நீளும் மரபணுக்களில் படியெடுப்பு ஒரு செல் சுழற்சிக்குள் முடிவதே இல்லை என்று 2011இல் காட்டினார்கள். அங்கே மோதல் தவிர்க்க முடியாதது. எளிதில் உடையும் இடங்கள் என்று குரோமோசோம் வரைபடத்தில் நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டுவந்த பல பகுதிகள் இத்தகைய நீண்ட மரபணுக்களின் மேல்தான் விழுகின்றன.

மோதலின் திசையும் முக்கியம். 2017இல் கார்லீன் சிம்ப்ரிச்சின் ஆய்வகம், மனித செல்லுக்குள் ஒரு வட்ட டிஎன்ஏவை வைத்து, ஒரே ஆர்-வளைய வரிசையை இரு திசைகளிலும் திருப்பிப் போட்டுப் பார்த்தது. நகலாக்கமும் படியெடுப்பும் நேருக்கு நேர் வரும்போது ஆர்-வளையங்கள் பெருகின, ஏடிஆர் என்ற எச்சரிக்கைப் புரதம் விழித்தது. ஒரே திசையில் பின்னால் வந்து முட்டும்போது ஆர்-வளையங்கள் குறைந்தன, ஏடிஎம் என்ற வேறொரு புரதம் விழித்தது. அதாவது ஒரே வரிசை, ஒரே செல், திசை மாறினால் விளைவு மாறுகிறது. அதே ஆண்டு பாக்டீரியாவிலும் நேருக்கு நேர் மோதலில் ஆர்-வளையத்தின் பங்கு காட்டப்பட்டது. பாக்டீரியாக்களின் குரோமோசோமில் அதிகம் வேலை செய்யும் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் நகலாக்கத்தின் திசையிலேயே அமைந்திருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். நெடுங்காலப் பரிணாமம் இந்த மோதலைக் கணக்கில் எடுத்திருக்கிறது.

மூன்றாவது வழி, செல்லின் சொந்தக் கத்தரிகள். புற ஊதாக் கதிரால் பழுதான டிஎன்ஏவை வெட்டி எடுக்கும் எக்ஸ்பிஎஃப், எக்ஸ்பிஜி ஆகிய நொதிகள் ஆர்-வளையத்தின் இரு முனைகளில் உள்ள மடிப்பை வெட்டி அதை இரட்டை உடைவாக மாற்றுவதாக 2014இல் காட்டினார்கள். சரிசெய்ய வந்த கருவியே உடைக்கிறது.

இங்கே உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்தாக வேண்டும். ஆர்-வளையம் அதிகரிக்கும் செல்களில் டிஎன்ஏ சேதமும் அதிகரிப்பதும், பல சூழல்களில் ஆர்என்ஏஸ்-எச் அந்தச் சேதத்தைக் குறைப்பதும் உறுதி. ஆனால் நகலாக்கத்தை நிறுத்துவது கலப்பிணைப்பா, அல்லது அதன் முன்னால் சிக்கி நிற்கும் பாலிமரேஸா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கலப்பிணைப்பைப் பிரிக்கக்கூடிய பிரிநொதிகள் நகலாக்க இயந்திரத்தின் கூடவே வருகின்றன. வெறும் ஆர்என்ஏ அதைத் தடுத்து நிறுத்தும் என்று நம்புவது எனக்குக் கடினம். 2017இல் அகிலேராவின் குழுவே வெளியிட்ட ஒரு முடிவு இந்த ஐயத்தை ஆழமாக்கியது. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் சில மாற்றங்களைச் செய்த ஈஸ்ட்டில் ஆர்-வளையங்கள் கூடின, ஆனால் மரபணுத்தொகுதி குலையவில்லை. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் பொதியும் மாறினால்தான் சேதம் வருகிறது என்பது அவர்கள் விளக்கம். முதல் படி ஆர்-வளையம், இரண்டாம் படி அதைச் சுற்றி நிகழும் இறுக்கம். இந்த இரண்டு படி விளக்கம் எல்லா உயிரினங்களுக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. ஆனால் 'ஆர்-வளையம் இருந்தால் சேதம்' என்ற நேர்ச் சமன்பாடு தவறு என்பதற்கு இந்த ஒரு முடிவே போதும்.

சமன்பாடு தவறு என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. பாலூட்டிகளின் மரபணுத்தொகுதியில் ஏறக்குறைய 5 சதவீதம் வரை ஆர்-வளையம் உருவாகக்கூடிய பகுதி என்று 2016இல் ஒரு வரைபடம் காட்டியது. இது ஏராளமான செல்களைச் சேர்த்து அரைத்து எடுத்த கூட்டுக் கணக்கு. ஒரே செல்லில் ஒரே கணத்தில் அத்தனையும் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றின் அரை ஆயுளும் சுமார் பத்து நிமிடம்தான். பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாமல் பிறந்து கலைகின்றன. மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் உருவாகும் ஆர்-வளையங்கள், அந்த இடத்தில் டிஎன்ஏ மெத்தில் பூச்சு பெற்று மரபணு அடங்கிவிடாமல் காப்பதாகவும் சான்றுகள் இருக்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் டிஎன்ஏ நகலாக்கம் தொடங்குவதே கலப்பிணைப்பை நம்பித்தான்.

செல்லின் காவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் பெயர்ப்பட்டியல் மிக நீளம். முறுக்கைச் சரிசெய்யும் டோப்போஐசோமரேஸும், ஆர்என்ஏவைப் பொதியும் தோ கூட்டமும், வெட்டி ஒட்டும் புரதங்களும் ஆர்-வளையம் உருவாகாமல் பார்த்துக்கொள்கின்றன. உருவான பிறகு ஆர்என்ஏவை வெட்டுவது ஆர்என்ஏஸ்-எச். இணைப்பைப் பிரிப்பது செனடாக்சின் போன்ற பிரிநொதிகள். மார்பகப் புற்றுநோயோடு பெயர் சேர்ந்துவிட்ட பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 புரதங்களும், ஃபேன்கோனி இரத்தசோகையில் பழுதாகும் புரதங்களும் நகலாக்கம் ஆர்-வளையத்தில் சிக்கும் இடங்களில் தேவைப்படுகின்றன. செனடாக்சினைப் பற்றி மட்டும் ஒரு செய்தி. அது செயலிழந்தால் தசை ஒருங்கிணைப்புக் கெடும் ஒரு நரம்பு நோய் வருகிறது. அதே மரபணுவில் வேறு வகைப் பிறழ்வு இயக்க நரம்புச் செல்கள் அழியும் ஏஎல்எஸ் நோயின் ஒரு வகையைத் தருகிறது. இந்த இரண்டாம் வகை நோயாளிகளின் செல்களில் ஆர்-வளையங்கள் குறைவாக இருப்பதாக 2018இல் காட்டினார்கள். ஒரே புரதம், குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஓரிடத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். டிஎன்ஏவில் ஆர்என்ஏ கலப்பது இரண்டு விதம். ஒன்று இதுவரை பேசிய ஆர்-வளையம். மற்றொன்று, நகலாக்கத்தின்போது டிஎன்ஏ எழுத்துக்குப் பதிலாகத் தவறுதலாக ஓர் ஆர்என்ஏ எழுத்து டிஎன்ஏ இழைக்குள்ளேயே பதிந்துவிடுவது. ஆர்என்ஏஸ்-எச்1 நொதிக்குத் தொடர்ச்சியாக நான்கு ஆர்என்ஏ எழுத்துகளாவது இருந்தால்தான் வெட்ட முடியும். தனியாகப் பதிந்த ஒற்றை எழுத்தைக் கண்டுபிடித்து வெட்டுவது ஆர்என்ஏஸ்-எச்2. அது இல்லாத எலிக் கருக்களில் ஒரு செல்லின் மரபணுத்தொகுதிக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்என்ஏ எழுத்துகள் பதிந்திருந்ததை 2012இல் கண்டார்கள். அந்தக் கருக்கள் பிழைக்கவில்லை. மனிதரில் இந்த நொதியின் மூன்று பாகங்களில் ஏதேனும் ஒன்று பகுதியளவு பழுதானால் ஐகார்டி–கூட்டியே நோய்த்தொகை வருகிறது. குழந்தையின் மூளையில் வைரஸ் தொற்றுபோலவே அழற்சி உண்டாகும், ஆனால் வைரஸ் இருக்காது. செல் தன் சொந்த மரபுப் பொருளையே அந்நியம் என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. ஆர்என்ஏஸ்-எச்1 இல்லாத எலிகளும் கருவிலேயே இறக்கின்றன. அங்கே காரணம் வேறு, மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ பெருகவில்லை. 'ஆர்என்ஏஸ்-எச் இல்லாவிட்டால் ஆர்-வளையம் பெருகிச் செல் சாகிறது' என்று எங்காவது படித்தால், எந்த எச், எந்த வேலை என்று முதலில் கேளுங்கள்.

இப்போது, இந்தத் துறையின் பலவீனத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆர்-வளையத்தைக் கண்ணால் காண நாங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது எஸ்9.6 என்ற ஒரே ஒரு எதிர்ப்பொருளை. 1986இல் உருவாக்கப்பட்டது. கலப்புச் சுருளை அது இறுகப் பற்றும், அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு ஆர்என்ஏ இழைகள் பின்னிய சுருளையும் அது சற்றுக் குறைந்த பற்றோடு பிடிக்கும். செல்லில் எது அதிகம்? ஆர்என்ஏதான், அதிலும் ரைபோசோமின் ஆர்என்ஏ மலைபோல. நான் முதன்முதலில் அதைக் கொண்டு செல்களுக்குச் சாயமிட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. இருட்டறையில் நுண்ணோக்கியின் திரையில் செல் முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. உட்கருவுக்குள் கொஞ்சம், உட்கருவுக்கு வெளியே அதைவிட அதிகம். எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. அடுத்த நாள், ஆர்என்ஏஸ்-எச்சில் ஊறவைத்த கண்ணாடித் தகட்டைப் பார்த்தேன். கலப்பிணைப்பு கரைந்திருந்தால் ஒளி அணைந்திருக்க வேண்டும். உட்கருவில் இலேசாக மங்கியது, வெளியே அப்படியே ஒளிர்ந்தது. ஆர்என்ஏவின் இரட்டைச் சுருளைக் கரைக்கும் வேறு நொதியை இட்டபோதுதான் அந்தப் பச்சை வடிந்தது. மூன்று மாதங்களாகச் சேகரித்த படங்களில் நான் அளந்துகொண்டிருந்தது பெரும்பாலும் சாதாரண ஆர்என்ஏவை என்று அப்போது புரிந்தது. படங்களை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. எஸ்9.6 சாயத்தின் ஒளி பெரும்பகுதி ரைபோசோம் ஆர்என்ஏவிலிருந்து வருகிறது என்று 2021இல் தெளிவாக நிறுவினார்கள். ஆகவே, வெறும் சாயப் படத்தைக் காட்டி 'இந்த நோயில் ஆர்-வளையம் அதிகம்' என்று சொல்லும் கட்டுரைகளை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, ஒரு பங்கை ஆர்என்ஏஸ்-எச்சில் கரைத்து ஒப்பிட்டு, பிறகு வரிசை படித்த தரவுகளுக்கு மதிப்பு அதிகம். கலப்பிணைப்பைப் பற்றிக்கொள்ளும், ஆனால் வெட்டாத வகையில் மாற்றப்பட்ட ஆர்என்ஏஸ்-எச்1ஐக் கொண்டு செய்யும் வரைபடமும், வெளியே தள்ளப்பட்ட இழையில் சைட்டோசின் மாற்றத்தை ஒவ்வொரு மூலக்கூறாகப் படிக்கும் முறையும் எதிர்ப்பொருளை நம்பாதவை. இவை எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. எதிர்ப்பொருள் நீண்ட பகுதிகளைக் காட்டும் இடத்தில், வெட்டாத நொதி மரபணுவின் தொடக்கத்தை ஒட்டிய குறுகிய பகுதிகளையே அதிகம் காட்டுகிறது. இரண்டும் ஒரே பொருளைத்தான் பார்க்கின்றனவா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

ஆர்என்ஏஸ்-எச்சைக் கூட்டிப் பார்க்கும் சோதனைக்கும் எல்லை உண்டு. இத்துறையின் பாதிக் கட்டுரைகள் அதன் மேல்தான் நிற்கின்றன, நான் எழுதியவையும் அதில் அடக்கம். சேதம் குறைந்தால் கலப்பிணைப்புக்குப் பங்கு உண்டு என்று சொல்லலாம். ஆனால் அளவுக்கு மீறிச் செல்லுக்குள் திணித்த நொதி, பாலிமரேஸின் நடையையும், பழுதுபார்ப்பையும், நகலாக்கத்தையும் மாற்றக்கூடும். சேதம் குறைந்தது ஆர்-வளையம் கரைந்ததாலா, அல்லது படியெடுப்பே குறைந்ததாலா என்று தனியாகச் சோதிக்காத கட்டுரையை நம்பி நான் அடுத்த சோதனையைத் திட்டமிடமாட்டேன்.

உண்மையிலேயே திறந்து கிடக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. டிஎன்ஏ உடைந்த பிறகு, உடைந்த முனைகளின் அருகிலேயே கலப்பிணைப்பு தோன்றுகிறது. 2016இல் பிளவு ஈஸ்ட்டில் செய்த ஆய்வொன்று, அந்தக் கலப்பிணைப்பு பழுதுபார்ப்புக்கே தேவை என்றது. ஆர்என்ஏஸ்-எச்சை நீக்கினாலும் பழுதுபார்ப்பு தடுமாறியது, கூட்டினாலும் தடுமாறியது. கலப்பிணைப்பு தோன்றவும் வேண்டும், உரிய நேரத்தில் விலகவும் வேண்டும் என்பது அவர்கள் கூற்று. வேறு ஆய்வகங்கள் வேறு உயிரினங்களில் இதை ஒப்புக்கொள்ளவில்லை. உடைவுக்கு முன்பே அங்கே நடந்துகொண்டிருந்த படியெடுப்பின் எச்சமா, அல்லது உடைவுக்குப் பின் பாலிமரேஸ் புதிதாக வந்து எழுதியதா என்பதிலேயே கருத்துகள் பிரிகின்றன. என் சாய்வு, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் மரபணுக்களில் அது பெரும்பாலும் எச்சம் என்பதே. இது என் கணிப்பு, நிறுவப்பட்ட முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவையும் வைத்து உங்கள் கடைசிக் கேள்விக்கு வரலாம். புற்றுநோயில் ஆர்-வளையத்துக்குப் பங்கு இருப்பதற்குச் சான்றுகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் தூண்டும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களில், ஹார்மோன் ஒரேயடியாகப் பல மரபணுக்களை எழுப்பும்போது ஆர்-வளையங்களும், நகலாக்கத்தைச் சார்ந்த டிஎன்ஏ உடைவுகளும் கூடுவதை 2016இல் கண்டார்கள். குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்கும் யூவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயின் செல்களிலும் ஆர்-வளையம் குவிவது 2018இல் தெரிந்தது. ஆனால் ஆர்என்ஏஸ்-எச்சைக் கூட்டிப் புற்றுநோயைத் தடுக்கலாமா என்றால், என் பதில் இல்லை என்பதே. அந்த நொதிக்கு நல்ல வளையம், கெட்ட வளையம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எதிர்ப்பொருள் வகை மாற்றத்துக்கும், மைட்டோகாண்ட்ரியாவுக்கும், மரபணுத் தொடக்கப் பகுதிகளின் காவலுக்கும் தேவையானவற்றையும் சேர்த்துக் கரைக்கும்.

இதற்கு நேர்மாறான திசையில் சிந்திப்பவர்கள் இன்று அதிகம். புற்றுநோய்ச் செல் ஏற்கெனவே ஆர்-வளையங்களின் சுமையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மோதலின்போது அதைத் தாங்கிப் பிடிப்பது ஏடிஆர் போன்ற எச்சரிக்கைப் புரதங்கள். அந்தத் தாங்கலைத் தட்டிவிட்டால், சுமை குறைவாக உள்ள நல்ல செல் பிழைத்துக்கொள்ளும், சுமை மிகுந்த செல் சரிந்துவிடும் என்பது தருக்கம். வெட்டி ஒட்டும் புரதங்களில் பிறழ்வு உள்ள இரத்தப் புற்றுநோய்ச் செல்கள் ஏடிஆர் தடுப்பான்களுக்கு எளிதில் பலியாவது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. ஆய்வகச் செல்லில் நடப்பது நோயாளியின் உடலில் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த தேர்வுக்கு மட்டுமல்லாமல் இந்தத் துறைக்குள்ளேயே வரும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், தொடங்கும் இடம் இதுதான். ஒரு குறிப்பிட்ட மரபணுவில், ஒரு குறிப்பிட்ட திசையில், பத்து நிமிடத்தில் கலைய வேண்டிய ஒரு வளையம் ஏன் கலையாமல் நின்றது என்று பாருங்கள். சோதனையின் முதல் நாளிலேயே ஒரு பங்கை எடுத்து ஆர்என்ஏஸ்-எச்சில் கரைத்து வையுங்கள்.